நுண்ணோக்கியில் செல்லைப் பார்ப்பது எப்படி: வெங்காயத் தோல் முதல் பாக்டீரியா வரை

புத்தகப் படத்தில் இருக்கும் செல்லுக்கும் ஸ்லைடில் தெரியும் செல்லுக்கும் ஜாடை ஒற்றுமைகூடக் குறைவுதான். படத்தில் உட்கரு ஊதா, மைட்டோகாண்ட்ரியா சிவப்பு, பசுங்கணிகம் பச்சை என்று எல்லாம் எல்லை கட்டி உட்கார்ந்திருக்கும். முதன்முதலாக நுண்ணோக்கியில் கண்ணை வைப்பவருக்கோ ஒரு சாம்பல் நிற வட்டம், கறுப்பு விளிம்போடு இரண்டு காற்றுக் குமிழ்கள், குறுக்கே தன் கண்ணிமை முடி. இவ்வளவுதான் கிடைக்கும். உடனே கை அடுத்த பெரிய லென்ஸைத் தேடிப் போகும். அங்கேதான் பிசகு. செல் தெரியாமல் போவதற்கு உருப்பெருக்கம் போதாதது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. வெளிச்சம் கூடியிருக்கும், எடுத்த பொருள் தடித்திருக்கும், சாயம் ஏறியிருக்காது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் 100 மடங்கிலேயே வெங்காயச் செல்லும் அதன் உட்கருவும் தெளிவாகத் தெரியும்.

கருவியில் எதைக் கவனிக்க வேண்டும்

கூட்டு நுண்ணோக்கியில் இரண்டு இடத்தில் பெருக்கம் நடக்கிறது. ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளருகு லென்ஸ் ஒருமுறை பெரிதாக்குகிறது. நாம் கண் வைக்கும் கண்ணருகு லென்ஸ் அதை மறுபடி பெரிதாக்குகிறது. மொத்தம் என்பது இரண்டின் பெருக்கல். கண்ணருகு லென்ஸ் 10× என்றால், 4×, 10×, 40×, 100× பொருளருகு லென்ஸ்களில் முறையே 40, 100, 400, 1000 மடங்கு.

பொருளருகு லென்ஸின் உடம்பில் இரண்டாவதாக ஓர் எண் பொறித்திருக்கும்: 4×-இல் 0.10, 10×-இல் 0.25, 40×-இல் 0.65, 100×-இல் 1.25. இதன் பெயர் எண்துளை. லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை உள்ளே வாங்கிக்கொள்கிறது என்பதற்கான அளவு அது. நுண்ணோக்கியின் உண்மையான திறமை இந்த எண்ணில்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகள் இரண்டாகத் தெரிய அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் கணக்கிட்டுச் சொன்னார்: ஒளியின் அலைநீளத்தை, எண்துளையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். பச்சை ஒளிக்கு அலைநீளம் 0.55 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்தால், 10× லென்ஸ் 1.1 மைக்ரோமீட்டர் வரையும், 40× லென்ஸ் சுமார் 0.42 வரையும், எண்ணெய் இட்ட 100× லென்ஸ் 0.22 வரையும் பிரித்துக் காட்டும். கண்ணாடியை எப்படித் தேய்த்தாலும், சாதாரண ஒளியில் இதற்குக் கீழே போக முடியாது.

எண்துளையை 1000-ஆல் பெருக்கினால் வருவதே அந்த லென்ஸில் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு. 40×/0.65 லென்ஸுக்கு அது 650. அதன் மேல் 20× கண்ணருகு லென்ஸைப் பொருத்தினால் 800 மடங்கு கிடைக்கும், ஆனால் புதிதாக ஒன்றும் தெரியாது. மங்கலாக இருந்தது பெரிய மங்கலாகும். விளையாட்டு நுண்ணோக்கிகளின் அட்டைப் பெட்டியில் 1200 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மேடைக்குக் கீழே இருப்பவற்றைத்தான் பலர் தொடுவதே இல்லை. அங்கே கண்டென்சர் என்ற லென்ஸ் தொகுதி ஒளியைக் குவித்து ஸ்லைடுக்கு அனுப்புகிறது. அதோடு சேர்ந்தே இருக்கும் ஐரிஸ் திரை அந்த ஒளிக்கூம்பின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஐரிஸ் வெளிச்சத்தைக் குறைப்பதற்கான திருகு அல்ல. அதற்கு விளக்கின் திருகு தனியாக இருக்கிறது. ஐரிஸைத் திறந்தால் நுணுக்கம் கூடும், நிறவேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறையும். மூடினால் நேர்மாறாக நடக்கும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஸ்லைடைக் குவியப்படுத்திய பிறகு கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் நேராகப் பாருங்கள். அடியில் ஒளி வட்டம் தெரியும். ஐரிஸின் விளிம்பு அந்த வட்டத்தின் முக்கால் பங்கை விட்டுவைக்கும்படி மூடுங்கள். சாயமேற்றிய ஸ்லைடுக்கு இது போதும். சாயமேற்றாத உயிருள்ள செல்லுக்கு இன்னும் கொஞ்சம் மூடலாம். லென்ஸை மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்ற வேண்டும். கண்டென்சரின் உயரத்தைப் பொறுத்தவரை, கிட்டத்தட்ட மேல் எல்லை வரை ஏற்றி விட்டுவிடலாம்.

விளக்குக்குப் பதில் ஒளியை எதிரொளிக்கும் கண்ணாடி பொருத்திய கருவி என்றால், அதை வானத்தின் வெளிச்சத்துக்கோ மேசை விளக்குக்கோ திருப்புங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக் கூடாது; ஒரு நொடியில் விழித்திரை கருகிவிடும்.

முதல் ஸ்லைடு: ஓர் எழுத்து

செல்லுக்குப் போகும் முன் அச்சடித்த தாளிலிருந்து ஓர் எழுத்தை வெட்டி எடுங்கள். ‘ப’ வேண்டாம், ‘ட’ எடுங்கள். நுண்ணோக்கி உருவத்தை மேல்கீழாகவும் இடவலமாகவும் திருப்பிக் காட்டும். ‘ப’ இடவலம் மாறினாலும் அப்படியே இருக்கும் என்பதால் பாதி உண்மையை மறைத்துவிடும். ‘ட’வின் நெடுங்கோடு வலப்பக்கம் போய், படுகோடு மேலே ஏறி நிற்கும்போது இரண்டு திருப்பமும் ஒன்றாகப் புரியும். ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் உருவம் வலப்பக்கம் ஓடும். இது கைக்குப் பழக ஒரு பத்து நிமிடம் ஆகும்.

குவியப்படுத்தும் வரிசை எப்போதும் ஒன்றுதான்.

1. 4× லென்ஸை நேராகக் கொண்டுவந்து ‘க்ளிக்’ என்று அமர வையுங்கள். அமராத லென்ஸில் பாதி வட்டம் இருட்டாக இருக்கும்.
2. ஸ்லைடை மேடையில் வைத்து, பொருள் ஒளித்துளைக்கு நடுவே வரும்படி நகர்த்துங்கள்.
3. பக்கவாட்டில் இருந்து பார்த்துக்கொண்டே பெரிய திருகால் மேடையை லென்ஸுக்கு அருகே ஏற்றுங்கள். பிறகு கண்ணை வைத்து, மேடையை லென்ஸிடமிருந்து விலக்கிக்கொண்டே உருவத்தைப் பிடியுங்கள். நெருக்கிக்கொண்டே தேடினால் ஸ்லைடு உடையும்.
4. பார்க்க வேண்டியதை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே 10×-க்கு மாறுங்கள்.
5. 40×-க்கு வந்ததும் பெரிய திருகை மறந்துவிடுங்கள். நுண்திருகில் கால் சுற்று, அரைச் சுற்று போதும்.

நான்காவது படியைத் தாண்டிக் குதிப்பவர்களே ‘காணாமல் போய்விட்டது’ என்று சொல்வார்கள். கண்ணருகு லென்ஸில் 10×/18 என்று இருந்தால், 18 மில்லிமீட்டரைப் பொருளருகு லென்ஸின் எண்ணால் வகுத்தால் கிடைப்பது பார்வை வட்டத்தின் விட்டம்: 4×-இல் 4.5 மி.மீ., 10×-இல் 1.8 மி.மீ., 40×-இல் 0.45 மி.மீ. வட்டத்தின் ஓரத்தில் இருந்த பொருள் அடுத்த லென்ஸில் வெளியே போய்விடும். 18 என்ற எண் பொறித்திராவிட்டால், ஒளி ஊடுருவும் அளவுகோலை 4×-இன் கீழ் வைத்து விட்டத்தை நேரடியாக அளந்துகொள்ளலாம்.

இந்த விட்டத்தைக் குறித்து வையுங்கள். செல்லின் அளவைச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை. 10×-இல் வட்டத்தின் குறுக்கே ஆறு செல்கள் நீளவாக்கில் அடங்கினால், 1800 மைக்ரோமீட்டரை 6-ஆல் வகுக்க, ஒரு செல் 300 மைக்ரோமீட்டர்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பழகுங்கள். ஒரு கண்ணை இறுக மூடினால் கால் மணி நேரத்தில் தலை வலிக்கும். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிடலாம், திருகு அதை ஈடுகட்டிவிடும். உருளைப் பிழைக்கு (சிலிண்டர் பவர்) அணிபவர்கள் கழற்ற வேண்டாம்.

வெங்காயத் தோல்

வெங்காயம் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டதற்குக் காரணம், அதன் உட்தோல் ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. கத்தி வேலையே வேண்டாம். ஆனால் எந்தத் தோல் என்பதில் குழப்பம் நேர்கிறது. வெளியே காய்ந்து சருகாய் இருப்பது வேண்டாம். உள்ளே சதைப்பற்றான ஓர் அடுக்கை எடுத்து, அதன் குழிந்த பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஈரமான, கண்ணாடிபோன்ற மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அடுக்கைப் பின்பக்கமாக மடித்து ஒடித்தால் படலம் விளிம்பில் தூக்கிக்கொள்ளும். இடுக்கியால் பிடித்து உரிக்கலாம்.

5 மி.மீ. சதுரமாக வெட்டி, உடனே ஸ்லைடில் உள்ள நீர்த்துளியில் போட்டுவிட வேண்டும். காற்றில் இருந்தால் அரை நிமிடத்துக்குள் சுருண்டுகொள்ளும். சுருண்டால் ஊசியால் விரித்து விடுங்கள். மடிந்த இடத்தில் இரண்டு அடுக்குச் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வலைபோல் தெரியும். அதைப் பார்த்துச் செல்லை வரைந்தால் தப்பாகத்தான் வரும்.

நீரை ஒற்றி எடுத்துவிட்டு அயோடின் கரைசல் ஒரு துளி. 300 மில்லி நீரில் பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், அயோடின் 1 கிராம் கரைத்தது போதும். முதலில் அயோடைடை மிகச் சிறிதளவு நீரில் கரைத்து, அதில் அயோடினைப் போட்டுக் கரைந்த பிறகே மீதி நீரைச் சேர்க்க வேண்டும். வெறும் நீரில் அயோடின் சரியாகக் கரையாது. இரண்டு நிமிடம் கழித்து, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி மூடியை ஒரு விளிம்பு நீரில் படும்படி 45 பாகையில் நிறுத்தி, ஊசியின் மேல் சாய்த்து மெல்ல இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் குமிழ் நிச்சயம்.

நீரின் அளவிலும் கணக்கு இருக்கிறது. ஒரு துளி என்பது ஏறத்தாழ 0.05 மில்லி. 22 மி.மீ. சதுரக் கவர் ஸ்லிப்பின் கீழ் அது பரவினால் 0.1 மி.மீ. தடிமனுக்கு நிற்கும். இரண்டு மூன்று துளி விட்டால் கவர் ஸ்லிப் மிதக்கும், நகர்த்தும்போதெல்லாம் பொருளும் நீந்தும். மிகுந்த நீரை ஓரத்தில் உறிஞ்சுதாள் வைத்து எடுத்துவிடுங்கள்.

10×-இல் செங்கல் சுவர் மாதிரி நீண்ட கட்டங்கள். நீங்கள் பார்க்கும் கோடு செல் சுவர், செல் சவ்வு அல்ல. சவ்வின் தடிமன் சுமார் 7 அல்லது 8 நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). நம் லென்ஸின் எல்லையில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ராபர்ட் ஹூக் 1665-இல் தக்கைச் சீவலைப் பார்த்து ‘செல்’ என்று பெயரிட்டதும் இந்தச் சுவரைத்தான். தக்கையில் உயிருள்ள பகுதி எப்போதோ போய்விட்டிருந்தது.

40×-இல் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மஞ்சள் கலந்த பழுப்பு நிற உருண்டை ஒன்று தெரியும். அதுதான் உட்கரு. அதற்குள்ளே இன்னும் அடர்த்தியாக ஒன்றிரண்டு புள்ளிகள் தெரிந்தால் அவை நியூக்ளியோலஸ். சில செல்களில் உட்கரு சுவரோரம் ஒட்டி நிற்கும், சிலவற்றில் நட்டநடுவில் இருப்பது போலத் தோன்றும். இங்கே நுண்திருகை மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் இருப்பதாகத் தோன்றிய உட்கரு தெளிவாகும்போது, சுற்றியுள்ள சுவர்க்கோடு சற்று மங்கும். உட்கரு செல்லின் கூரையிலோ தரையிலோ ஒட்டியிருக்கிறது. நாம் மேலிருந்து பார்ப்பதால் நடுவில் தெரிகிறது. செல்லின் நடுவிடம் முழுவதையும் வாக்குவோல் என்ற நீர்ப்பை பிடித்துக்கொண்டு, சைட்டோபிளாசம் என்ற செல் கூழையும் உட்கருவையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. தட்டையான படத்தில் ஒருபோதும் பிடிபடாத இந்த ஆழம், நுண்திருகின் கால் சுற்றில் பிடிபட்டுவிடும்.

வெங்காயச் செல்லை வரையச் சொன்னால் உள்ளே பச்சையாக நாலு பசுங்கணிகங்களையும் சேர்த்து வரைந்துவிடுவோர் உண்டு. தாவரச் செல் என்றால் பசுங்கணிகம் இருக்க வேண்டும் என்பது மனப்பாடம். வெங்காயத்தின் சதை அடுக்கு மண்ணுக்குள், வெளிச்சம் படாமல் இருப்பது. அதில் பசுங்கணிகம் இல்லை. கண்ணில் பட்டதை மட்டும் வரையுங்கள்.

கன்னத்தின் உட்புறம்: ஒரே வட்டத்தில் இரண்டு உலகம்

விலங்குச் செல்லுக்கு நம் வாயே போதும். வாயை நீரால் கொப்பளித்துவிட்டு, புதிய பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை ஐந்தாறு முறை இலேசாக வழியுங்கள். இரத்தம் வருமளவுக்குத் தேய்க்கத் தேவையில்லை. உதிரத் தயாராக இருக்கும் செல்கள் தாமாக வரும். குச்சியை ஸ்லைடின் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய இடத்தில் உருட்டிப் பூசுங்கள். காற்றில் இரண்டு நிமிடம் உலர விட்டு, மெத்திலீன் நீலம் ஒரு துளி. 0.1 முதல் 1 சதவீதக் கரைசல் வரை எதுவும் ஆகும், வீரியம் கூடினால் நேரத்தைக் குறையுங்கள். ஒரு நிமிடத்துக்குப் பிறகு, ஸ்லைடைச் சாய்த்து மேல்விளிம்பில் நீரை மெல்ல ஓடவிட்டு அலசுங்கள். குழாயை நேராகத் திறந்து பிடித்தால் செல்களும் சேர்ந்து போய்விடும். இந்தச் சாயம் துணியிலும் விரலிலும் ஒட்டினால் எளிதில் போகாது.

4×-இல் நீலத் தூசு மாதிரிதான் தெரியும். கூட்டமாக இல்லாமல் தனித்தனியாகக் கிடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து மேலே போங்கள். 40×-இல் 50, 60 மைக்ரோமீட்டர் அகலமுள்ள, ஒழுங்கற்ற ஓரம் கொண்ட மெல்லிய தகடுகள். காகிதத் துண்டுபோல ஓரங்கள் மடிந்திருக்கும். நடுவில் கருநீல உட்கரு. வெங்காயச் செல்லின் நேர்க்கோடு இதில் இல்லை, ஏனெனில் சுவர் இல்லை. சுவர் இல்லாத செல், தான் விழுந்த விதத்தில் கிடக்கும்.

இப்போது அந்தத் தகட்டின் மேற்பரப்பைக் கூர்ந்து பாருங்கள். உட்கருவைவிடக் கருநீலமாக, மிகச் சிறிய புள்ளிகளும் குச்சிகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். சில இடங்களில் இரட்டையாக, சில இடங்களில் சங்கிலியாக. பலரும் அழுக்கு என்றோ, செல்லின் உறுப்பு என்றோ எண்ணிக் கடந்துவிடுவார்கள். அவை வாயில் வாழும் பாக்டீரியாக்கள். நுண்ணுயிர்களை முதலில் கண்ட டச்சுக்காரர் லேவன்ஹூக் தன் பல்லிடுக்கு அழுக்கில் கண்டு 1683-இல் எழுதி அனுப்பியதும் இவற்றின் கூட்டத்தைத்தான். அவரிடம் இருந்ததோ ஒற்றை லென்ஸ் கருவி. எஞ்சியிருப்பவற்றில் சிறந்தது சுமார் 270 மடங்கு பெரிதாக்கும்.

உயிரியலின் மிகப் பெரிய பிரிவினை இந்த ஒரே வட்டத்தில் கிடைத்துவிடுகிறது. தகடு யூகேரியோட்டிக் செல்: சவ்வு சூழ்ந்த உட்கரு, தனித்தனி உள்ளுறுப்புகள். புள்ளி புரோகேரியோட்டிக் செல்: உட்கரு இல்லை, டி.என்.ஏ. சைட்டோபிளாசத்திலேயே சுருண்டு கிடக்கும். தகடு 60 மைக்ரோமீட்டர் என்றால் புள்ளி 1 மைக்ரோமீட்டர். தகட்டின் அகலத்தில் இத்தகைய புள்ளிகள் அறுபதை வரிசையாக அடுக்கலாம். பாக்டீரியாவும், அதைப் போன்ற ஒற்றைச் செல் உயிர்களான ஆர்க்கியாவும் புரோகேரியோட்டுகள். தாவரம், விலங்கு, பூஞ்சை, அமீபா போன்ற புரோட்டிஸ்டுகள் எல்லாம் யூகேரியோட்டுகள்.

பார்த்து முடித்ததும் பஞ்சுக் குச்சியையும் ஸ்லைடையும் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். ஒருவர் பூசிய ஸ்லைடை இன்னொருவர் கழுவ வேண்டாம்.

பச்சை இலை, ஓடும் சைட்டோபிளாசம்

பசுங்கணிகத்தைப் பார்க்க ஹைட்ரில்லா அல்லது எலோடியா எனும் நீர்ச்செடியின் நுனிக்கு அருகில் உள்ள இளம் இலை நல்லது. இலை இரண்டே செல் தடிமன் என்பதால் சீவ வேண்டாம், சாயமும் வேண்டாம். செடி இருந்த நீரையே ஒரு துளி விட்டு மூடிப் பாருங்கள். 40×-இல் சுமார் 5 மைக்ரோமீட்டர் அளவில் பச்சை மணிகள் தெரியும்.

கொஞ்சம் பொறுங்கள். விளக்கின் சூட்டிலும் வெளிச்சத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால், நடுநரம்புக்கு அருகில் உள்ள செல்களில் மணிகள் சுவரோரமாக வரிசை கட்டி நகரத் தொடங்கும். மணிகள் தாமாக நீந்தவில்லை. சைட்டோபிளாசம் வாக்குவோலைச் சுற்றி ஓடுகிறது, இவை அதில் மிதந்து போகின்றன. குளிர்ந்த நீரில் இருந்து எடுத்த இலையில் ஓட்டம் தெரியாமல் போகலாம்.

இதே இலையில் செல் சவ்வு இருக்கும் இடத்தையும் காட்டிவிடலாம். 100 மில்லி நீரில் 8 கிராம் உப்பைக் கரையுங்கள். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் ஒரு துளி விட்டு, எதிர் விளிம்பில் உறிஞ்சுதாளை வைத்தால் கரைசல் உள்ளே இழுபடும். இரண்டு மூன்று நிமிடத்தில் பச்சை மணிகள் எல்லாம் சுவரை விட்டு விலகி நடுவில் ஒரு கொத்தாகச் சுருங்கும். சுவர் அதே இடத்தில் நிற்கும். சுருங்கிய கொத்தின் எல்லைதான் சவ்வு. ஊடுபரவலால் நீர் வெளியேறியதன் விளைவு இது. உடனே நல்ல நீரை அதே வழியில் இழுத்தால் பல செல்கள் மீண்டும் விரியும். நீண்ட நேரம் உப்பில் கிடந்தவை திரும்பாது.

ஈஸ்ட், தயிர்

ஈஸ்ட் எளிது. வெதுவெதுப்பான நீர் 50 மில்லியில் கால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட்டும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டு அரை மணி நேரம் விட்டு, ஒரு துளியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள். நீர்க்காவிட்டால் கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. 5 மைக்ரோமீட்டர் அளவு முட்டைகள், சிலவற்றின் தோளில் குட்டி மொட்டு. சிறியது என்பதற்காகப் பாக்டீரியா என்று எழுதிவிடாதீர்கள், ஈஸ்ட் பூஞ்சை, உட்கரு உள்ளது.

பாக்டீரியாவைத் தனியாகப் பார்க்கத் தயிர். குண்டூசித் தலை அளவு தயிரை ஒரு துளி நீரில் கலந்து, ஸ்லைடில் செய்தித்தாள் எழுத்து ஊடாகத் தெரியுமளவு மெல்லிதாகப் பூசி உலர விடுங்கள். பூசிய பக்கம் மேலே இருக்க, சுடரின் வழியே மூன்று முறை விரைவாகக் கொண்டுபோனால் செல்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடின் அடிப்பக்கம் புறங்கையில் தாங்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. ஸ்லைடு முழுவதும் ஆறி, சுடரை அணைத்த பிறகே ஆல்கஹாலைத் திறக்க வேண்டும்; அதை ஒருமுறை ஓடவிட்டுக் கொழுப்பை நீக்கி, மெத்திலீன் நீலம் ஒரு நிமிடம், அலசல், உலர்த்தல். 40×-இல் குச்சிகளும், மணி கோத்தது போன்ற சங்கிலிகளும் தெரியும். குச்சி லாக்டோபேசில்லஸ், மணி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இடையில் வெளிர்நீலத் திட்டுகளாகக் கிடப்பது பால் புரதம்.

இவற்றைத் தெளிவாகப் பார்க்க 100× வேண்டும், 100×-க்கு எண்ணெய் வேண்டும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, காற்றினுடையது 1. கண்ணாடியில் இருந்து காற்றுக்கு வரும்போது சாய்ந்த கதிர்கள் லென்ஸுக்குள் வராமல் சிதறிவிடுகின்றன. 1.515 எண் கொண்ட எண்ணெயை இடையில் நிரப்பினால் கதிர் வளையாமல் உள்ளே போகும். எண்ணெய் இடாமல் 100×-இல் பார்ப்பதைவிட 40×-இல் பார்ப்பது மேல்.

சாயமேற்றாத துளியில் பாக்டீரியா துடிப்பதைக் கண்டு ‘நீந்துகிறது’ என்று முடிவு கட்ட வேண்டாம். நின்ற இடத்திலேயே நடுங்கினால் அது நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் பிரௌனியன் இயக்கம். செத்த பாக்டீரியாவும் தூசும்கூட அப்படி நடுங்கும். திசை பிடித்து, பக்கத்தில் உள்ளதைக் கடந்து போனால்தான் நீச்சல். 1827-இல் மகரந்தத்துக்குள்ளிருந்து வந்த நுண்துகள்களில் இந்த நடுக்கத்தைக் கவனித்த அதே ராபர்ட் பிரௌன்தான், ஆர்க்கிட் செல்களில் பார்த்த உருண்டைக்கு 1831-இல் ‘நியூக்ளியஸ்’ என்று பெயர் வைத்தவரும்.

தயார் ஸ்லைடில் பார்க்க வேண்டியவை

இரத்தம், நரம்பு, தசை ஆகியவற்றுக்குத் தயார் ஸ்லைடுதான் சரி. விரலைக் குத்தி இரத்தம் எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை வகுப்பறையில் விட்டுவிடுவதே நல்லது, தொற்றுக்கு வழி. மனித இரத்தச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டம், நடுவில் வெளிறிய பள்ளம், உட்கரு இல்லை. தவளை அல்லது பறவையின் ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நீள்வட்டச் சிவப்பணு, நடுவில் உட்கரு. யூகேரியோட் என்றால் எல்லாச் செல்லிலும் உட்கரு இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் அங்கே உடையும். எலும்புத் தசையில் குறுக்கு வரிகளும், ஒரே நாரில் ஓரமாகப் பல உட்கருக்களும் தெரியும். நரம்புச் செல்லில் உடலும் கிளைகளும் தெரியும், ஆனால் ஆக்ஸான் என்ற நீண்ட இழை முழுநீளத்தில் ஒரே வெட்டில் அகப்படுவது அரிது.

எவ்வளவு முயன்றும் தெரியாதவையும் உண்டு. புரதம் செய்யும் ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர். எண்டோபிளாச வலையின் சவ்வுகளும் அப்படித்தான். மைட்டோகாண்ட்ரியா தடிமனில் அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர் என்பதால் சிறப்புச் சாயத்தில் புள்ளியாகத் தெரியலாம், உள்மடிப்புகள் தெரியாது. புத்தகப் படத்தில் உள்ள அந்த மடிப்புகள் மின்னணு நுண்ணோக்கி தந்தவை. எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல் அதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். உங்கள் ஸ்லைடில் அவை தெரியாதது உங்கள் கைக்குறை அல்ல.

படம் கெட்டால் எங்கே தேடுவது

10×-இல் பளிச்சென்று இருந்தது 40×-இல் எவ்வளவு திருகினாலும் தெளியவில்லை என்றால் முதல் சந்தேகம்: ஸ்லைடு தலைகீழாக இருக்கிறது. 40× லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவுதான் இடம். 1 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைடு குறுக்கே வந்தால் குவியம் எட்டாது. இரண்டாவது சந்தேகம்: 40× லென்ஸின் முனையில் எண்ணெய் ஒட்டியிருக்கிறது. 100×-இல் எண்ணெய் இட்ட பிறகு 40×-க்குத் திரும்பிச் சுழற்றினால் முனை எண்ணெயில் தோய்ந்துவிடும். படம் பனி மூடியது போல இருக்கும். எண்ணெய் இட்டபின் 40×-க்குப் போகவே கூடாது. மூன்றாவது, கவர் ஸ்லிப் இல்லாமலோ இரண்டு சேர்ந்து ஒட்டியோ இருப்பது. லென்ஸில் 0.17 என்று பொறித்திருப்பது கவர் ஸ்லிப்பின் தடிமன்; 40×-க்கு அது முக்கியம், 4×-க்குப் பொருட்டில்லை.

கறுத்த, தடித்த, கச்சிதமான வட்ட விளிம்பு என்றால் காற்றுக் குமிழ். செல்லின் விளிம்பு அவ்வளவு கறுப்பாக இருக்காது. எல்லாவற்றையும் சுற்றி இரட்டைக் கோடு ஓடினால் ஐரிஸை அளவுக்கு மீறி மூடியிருக்கிறீர்கள். வெளுத்துப் போய் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தால் முழுக்கத் திறந்திருக்கிறீர்கள்.

புள்ளி ஒன்று போகாமல் நிற்கிறதா? கண்ணருகு லென்ஸைச் சுழற்றுங்கள். புள்ளியும் சுற்றினால் தூசு அங்கே. ஸ்லைடை நகர்த்தும்போது கூடவே போனால் ஸ்லைடில். பொருளருகு லென்ஸை மாற்றியதும் மறைந்தால் அந்த லென்ஸில். எதற்கும் அசையாவிட்டால் கண்டென்சரிலோ விளக்கின் மேலோ.

துடைக்க லென்ஸ் தாள் மட்டும். சட்டை நுனியும் கைக்குட்டையும் பூச்சைக் கீறும். முதலில் ஊதுபந்தால் தூசை ஊதிவிட்டு, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தாளை இலேசாக நனைத்து, நடுவில் இருந்து வெளியே சுற்றிவரத் துடையுங்கள். எண்ணெய் லென்ஸை அன்றன்றே துடைத்தாக வேண்டும், காய்ந்தால் பிசினாகும். வேலை முடிந்ததும் 4×-ஐ நேராக வைத்து, மேடையை இறக்கி, விளக்கு ஆறிய பிறகு உறை போட்டு மூடுங்கள். சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும், அதை வெளியே இருந்து துடைத்து எடுக்க முடியாது. உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் உலர்த்தித் திரும்பப் போடலாம்.